கூழாங்கல் கற்பிக்கும் பாடம்



ஆற்றங்கரைக்கோ மலையடிவாரத்திற்கோ சென்று திரும்பும் சிறுவர்களின் சட்டைப்பையைத் துழாவிப் பார்த்த தாய்மார்களுக்கு நாம் சொல்லவருவது எளிதில் விளங்கும். மிட்டாய்த் தாளுக்கும் பேருந்துச் சீட்டுக்கும் இடையே இரண்டு மூன்று கற்களேனும் அங்கே கிடக்கும். நீரில் நனைந்திருந்தபோது மாணிக்கம்போல் மின்னிய கல், வீடு வந்து உலர்ந்தபின் சாம்பல் பூத்துக் கிடப்பதைக் கண்டு குழந்தை ஏமாந்துபோகும். "தண்ணீரில் அழகாயிருந்ததே, இப்போது ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்கும்.

நல்ல கேள்வி. கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களும் குழிகளும் எண்ணற்றவை. அவற்றில் படும் ஒளி நாற்புறமும் சிதறிவிடுவதால் கல்லின் உள்நிறம் நமக்குத் தெரிவதில்லை. நீர் அக்குழிகளை நிரப்பிச் சமப்படுத்துகிறது. அதுவரை மறைந்திருந்த நிறம் வெளிப்படுகிறது. நீர் சிறிது நேரம் செய்வதையே, கல்லைத் தேய்த்து மெருகேற்றும் கை நிலையாகச் செய்கிறது. அந்தக் கைப்பழக்கத்தை நம் இல்லங்களுக்கேற்ற ஓய்வு நேரப் பயிற்சியாக இத்திங்கள் அறிமுகம் செய்ய விழைகிறோம்.

"பெருங்குடியில் கல்லுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒருபுறம் பழைய மாமல்லபுரம் சாலை, மறுபுறம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், எஞ்சியவையெல்லாம் அடுக்குமாடிகள். ஆயினும் நம் ஊருக்கு மேற்கே, வேளச்சேரிக்கு அப்பால் நிமிர்ந்து நோக்கினால் பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் திரிசூலமும் தெரியும். நாம் சாதாரணக் கருங்கல் என்று கருதும் அம்மலைகளின் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அந்நகரின் புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அவரது கல்லறைக் கல்லும் பல்லாவரத்துப் பாறையும் ஒரே இனம் என்று கண்ட புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து, 1893-ஆம் ஆண்டில் அவ்வினத்திற்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். இன்று அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் ஆப்பிரிக்காவில் கிடைத்தாலும் அப்பாறைக்கு அதுவே பெயர். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது நம் குன்றுகளின் கல். பரங்கிமலையில் அப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. தோமையார் மலையின் படிகளில் ஏறி இறங்கும் திருப்பயணிகளுள் எத்தனை பேர் தம் காலடியில் கிடப்பது இன்னதென்று அறிவர்!

கல்லில் கைவைத்த மனிதனின் வரலாறும் அதே பல்லாவரத்தில்தான் இந்திய அறிஞருலகுக்குத் தெரியவந்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியலாளர் பல்லாவரத்தில் தோண்டப்பட்டிருந்த ஒரு குழியிலிருந்து, மனிதக் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. ஆகவே கல்லைச் செதுக்கிப் பார்க்கும் ஆவல் நம் குழந்தைக்குப் புதிதாக வந்ததன்று. அது மிகப் பழைய ஆவல்.

பயனுக்காகச் செதுக்கிய கை பின்னர் அழகுக்காகவும் செதுக்கத் தொடங்கியது. அதிலும் தமிழகம் பின்தங்கியதில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் மணிகள் செய்யும் தொழிற்கூடத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. பெரில், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் முதலிய கற்கள் அங்கே மூலக்கல்லாகவும், பாதி தேய்த்த நிலையிலும், துளையிட்டு முடித்த மணியாகவும் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. காங்கேயத்தை அடுத்த படியூர் பெரில் கல்லுக்குப் பெயர்பெற்ற இடம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, பிற இடங்களில் அரிது என்று எழுதியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன.

இத்தொழில் பழங்கதையாகிவிடவுமில்லை. காங்கேயம், கரூர்ப் பகுதிகளில் நிலாக்கல் முதலியவற்றை எடுத்துப் பட்டை தீட்டுவோர் உண்டு. திருச்சிராப்பள்ளியைச் சுற்றிய ஊர்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பல்லாயிரம் குடும்பங்களின் குடிசைத் தொழிலாக வளர்ந்தது. அயல்நாட்டு இயந்திரங்கள் பட்டை தீட்டிய மலிவான கற்கள் வந்து குவிந்தபின் அத்தொழில் மிகவும் நலிந்துவிட்டது. நம் பெண்மக்களின் தோட்டிலும் மூக்குத்தியிலும் மின்னும் கல்லை யாரோ ஒருவர் குனிந்திருந்து தீட்டினார் என்பதை நாம் நினைப்பது அரிது. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். தொடங்குவோர் கடினமான கல்லை எடுக்கலாகாது. 1812-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் மோஸ் என்னும் அறிஞர் வகுத்த அளவுகோலின்படி, நகத்தால் கீறக்கூடிய மாக்கல்லின் கடினம் 1, சலவைக்கல்லின் கடினம் 3, படிகக்கல்லின் கடினம் 7, குருந்தக்கல் 9, வைரம் 10. பேனாக்கத்தியின் முனை ஏறத்தாழ 5½. கத்தி கீறினால் கல் மென்மையானது. கீறாமல் வழுக்கினால் கடினமானது. இச்சோதனையைச் சிறுவர்களே செய்து மகிழலாம். பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

முதற்கல்லாகச் சலவைக்கல் துண்டு ஒன்றைத் தேர்ந்துகொள்க. தரைக்கல் விற்கும் கடைகளில் அறுத்துக் கழித்த துண்டுகள் மூலையில் குவிந்திருக்கும். கேட்டால் பெரும்பாலும் விலையின்றியே கொடுப்பார்கள். வர்ணம் பூசுவோர் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டு வாங்கும் கறுப்பு உப்புத்தாளில் 120, 220, 400, 600, 1000, 2000 ஆகிய எண்களில் ஒவ்வொன்று வாங்குக. எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். அத்தாளில் ஒட்டியுள்ள கரும்பொடி சிலிக்கன் கார்பைடு. எட்வர்டு அச்சிசன் என்னும் அமெரிக்கர் 1891-இல் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது கண்டெடுத்த பொருள் அது. கடினத்தில் குருந்தத்தையும் விஞ்சுவது. நம் சென்னையின் திருவொற்றியூரிலேயே, 1954-இல் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இத்தகைய தேய்ப்புப் பொருள்களைச் செய்துவருகிறது.

ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின்மீதோ பழைய தரை ஓட்டின்மீதோ 120 எண் தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, கல்லை வட்டமாகத் தேய்க்க வேண்டும். விரும்பிய வடிவம் வந்ததும், கல்லையும் கையையும் நன்கு கழுவிவிட்டு அடுத்த தாளுக்குச் செல்ல வேண்டும். முன்னைய தாளின் ஒரு பரல் ஒட்டியிருந்தாலும் அது புதிய கீறலை உண்டாக்கிவிடும். 2000 எண் தாள் முடிந்தபின், ஈரத்தோல் துண்டில் சிறிது சீரியம் ஆக்சைடு பொடி இட்டுத் தேய்த்தால் மெருகு ஏறும். அப்பொடியிலுள்ள சீரியம் என்னும் தனிமம், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கலந்து கிடக்கிறது. பொடி கிடைக்காதவர்கள் சலவைக்கல்லுக்கு மெழுகு தடவி மென்துணியால் துடைத்தாலும் ஓரளவு பளபளப்புக் காணலாம்.

சிறிய கல்லைக் கையில் பிடிக்க முடியாவிடின், பொற்கொல்லர் செய்வதுபோல் அரக்கை உருக்கி ஒரு குச்சியின் முனையில் கல்லை ஒட்டிக்கொள்ளலாம். படிகம், அகேட் போன்ற கடினக் கற்களுக்குக் கைத்தேய்ப்புப் போதாது. கற்களையும் நீரையும் கரும்பொடியையும் ஒரு மூடிய உருளைக்குள் இட்டு, சிறிய மின்விசையால் இரவும் பகலும் உருட்டுவார்கள். பரும்பொடியில் ஒரு வாரம், நடுத்தரப் பொடியில் ஒரு வாரம், நுண்பொடியில் ஒரு வாரம், மெருகுப் பொடியில் ஒரு வாரம் என்று ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆறு பல நூற்றாண்டுகளில் செய்வதை உருளை ஒரு மாதத்தில் செய்கிறது. எறும்பூரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் வார்த்தையன்று.

கல் எடுக்கும் இடத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மெருகேற்றினால் அவை மிக அழகாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம்; அங்கிருந்து ஒரு துணுக்கையும் எடுக்கலாகாது. பரங்கிமலைப் பாறையும் அவ்வாறே. அகழாய்வு நடந்த ஊர்களில் தரையில் கிடக்கும் மணியும் நமக்குரியதன்று. கழிவாய் எறியப்பட்ட துண்டுகளே நமக்குப் போதும்.

இக்கைவேலையின் உயிர்நிலையான உண்மை ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். மெருகு என்பது கல்லின்மேல் நாம் பூசும் ஒன்றன்று. ஒவ்வொரு தாளும் செய்யும் வேலை, தனக்கு முந்திய தாள் இட்ட கீறலை அகற்றித் தன் நுண்ணிய கீறலை இடுவதே. இறுதியில் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடுகின்றன. ஒளி சிதறாமல் திரும்புகிறது. இடையிலே 400 எண் தாளைச் சோம்பலால் விட்டுவிட்டு 600-க்குத் தாவினால், அப்போது யாருக்கும் தெரியாது. மெருகு ஏறியபின் அந்தப் பழைய கீறல் வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரியும். அதைப் போக்க மெருகுப் பொடியால் இயலாது. மீண்டும் 400-க்கே திரும்ப வேண்டும். உடனுக்குடன் எல்லாம் கைக்கு வந்துவிடும் இக்காலத்தில், ஒரு படியையும் தாண்ட முடியாத வேலை ஒன்று வீட்டிலிருப்பது பிள்ளைகளுக்கு நன்மையே. எட்டு வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பாட்டனாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை இது என்பதும் குறைந்த சிறப்பன்று.

ஆனால் தேய்ந்துபோன கல் எங்கே போகிறது? இக்கேள்வியைக் கேளாமல் இப்பயிற்சியை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். நீர் இருந்தால் அது சேறாகிக் கீழே படியும். நீர் இல்லாவிட்டால் தூசியாகிக் காற்றில் நிற்கும். படிகமும் கருங்கல்லும் தரும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கினும் சிறிய துகள்கள், நாம் காணாமலே மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோயும் எளிதில் வந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே வீட்டில் கல்லை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. சேற்றை உலரவிட்டுப் பெருக்கவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவுநீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றைத் தனியே அகற்ற வேண்டும்.

இந்த எச்சரிக்கை மனித உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரில், ஆற்றுநீர் சுழற்றிய பெரிய மணற்கல் சக்கரங்களின் முன் தொழிலாளர்கள் மரப்பலகையில் குப்புறப் படுத்தபடி, கால்களால் உந்திக்கொண்டு அகேட் கற்களைத் தேய்த்தார்கள். தூசியும் ஈரமும் அவர்களது நெஞ்சைக் கெடுத்தன. நம் நாட்டில் குஜராத் மாநிலத்துக் கம்பாத் நகரம் இன்றும் அகேட் வேலைக்குப் பெயர்பெற்றது. ஜபமாலை மணி முதல் மேசை அலங்காரப் பொருள் வரை அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. அங்கே வீட்டிலும் வாசலிலும் கல் தேய்க்கும் தொழிலாளரிடையே சிலிக்கோசிஸ் பரவியிருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். தேய்ப்பவர் மட்டுமன்றி, அருகில் வாழ்வோரும் அத்தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

விடுதலைப் பயண நூல், ஆசாரியத் திருவுடையின் மார்புப் பட்டையில் பதித்த பன்னிரு கற்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூறுகிறது. அதே நூல், கல்லை வெட்டிப் பதிக்கும் திறன் பெற்ற பெட்சலேல் என்னும் கைவினைஞனின் பெயரையும் சொல்லாமல் விடவில்லை. கல்லின் பெயரை அறிந்த நாம், அதைத் தீட்டிய கையின் பெயரை அறிய முயன்றதுண்டா?

கம்பாத் வெகுதூரம் என்று ஆறுதல் கொள்ள வேண்டா. நம் பெருங்குடியிலேயே ஏதேனும் ஓர் அடுக்குமாடியில் எந்நாளும் வேலை நடந்துகொண்டிருக்கும். தரைக்குப் புதிய கல் பதிக்கிறார்கள். சமையலறைக்குப் புதிய மேடை வைக்கிறார்கள். மாடிப்படியின் அடியிலோ வாசலிலோ இளைஞர் ஒருவர் குந்தியிருந்து, கையில் சுழலும் இயந்திரத்தால் கல்லை உலர்ந்தபடியே அறுக்கிறார். வெண்புகைபோல் தூசி எழுகிறது. நாம் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்கிறோம். சத்தம் எப்போது ஓயும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் புகைக்குள் அமர்ந்திருப்பவர், சாயங்காலம் கூலி வாங்கிச் சென்று, நாளை வேறொரு வீட்டில் அதே புகைக்குள் அமர்வார். அந்தத் துண்டு நுண்தூசியைத் தடுக்காது.

அண்மைக் காலத்தில் விரும்பி வாங்கப்படும் 'குவார்ட்ஸ்' என்னும் செயற்கைக் கல்மேடைகளில் சிலிக்காவின் அளவு பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டியிருக்கும். அவற்றை அறுத்த இளம் தொழிலாளர் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலிய நாடு 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அத்தகைய கல்லை விற்பதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்துவிட்டது. நம் சமையலறையில் எது வேண்டும் என்று தீர்மானிக்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் பார்ப்பது போதுமா?

நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. ஒப்பந்தம் பேசும்போதே, கல்லை நீர் விட்டு அறுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். கூடுமானவரை பட்டறையிலேயே அறுத்துக் கொணரச் செய்யலாம். வீட்டிலேயே அறுப்பதானால், நீரும் மின்சாரமும் சேரும் அபாயத்தை எண்ணி, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்திய இணைப்பிலிருந்தே மின்சாரம் தரலாம். நுண்தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசத்தை நாமே வாங்கிக் கொடுக்கலாம். நீர் விட்டு அறுப்பதால் வேலை ஒரு நாள் கூடுதலானால், அந்த ஒரு நாளின் கூலியைக் கொடுக்க முன்வரலாம். "எங்களுக்கு இது பழக்கம்தான், ஐயா" என்று அவர் சொல்லுவார். தூசி உடலுக்குள் சேர்வதைப் பழக்கம் தடுப்பதில்லை என்பதை அன்போடு எடுத்துச் சொல்லலாம். பல்லாயிரம் ரூபாய்க்குக் கல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முகக்கவசமும் பாரமாகா.

கல் தேய்க்கும் பயிற்சியை வீட்டுக்கு வீடு தொடங்க வேண்டும் என்று நாம் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். ஒரு சிறு சலவைக்கல்லைச் சமப்படுத்த நான்கு மாலைப்பொழுது உழைத்த சிறுவன், கோயில் தூணையோ அம்மாவின் மூக்குத்தியையோ இனி முன்போல் பார்க்கமாட்டான். மாமல்லபுரத்தில் கைவினைஞர் கேட்கும் விலையைப் பாதியாகக் குறைக்கத் தந்தை பேரம் பேசும்போது, அவரது சட்டையைப் பிடித்து இழுப்பான். வாசலில் தூசிக்குள் அமர்ந்திருப்பவரைக் கண்டால், சன்னலைச் சாத்துவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரேனும் எடுத்துச் செல்வான். தன் விரல்நுனி தேய்ந்த பின்னரே பிறர் உழைப்பின் எடை ஒருவனுக்குத் தெரிகிறது. அதைப் புத்தகம் கற்பிக்க இயலாது.

வரும் விடுமுறையில் ஒரு தட்டில் நீரும், ஆறு தாள்களும், கழித்தெறிந்த கல்துண்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு குடும்பமாக அமருங்கள். 400-ஐத் தாண்டிச் செல்ல யாரேனும் அவசரப்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். கல் மின்னத் தொடங்கும் நாளில், அடுத்த தெருவில் கல் அறுப்பவரின் பெயரைக் கேட்டறிந்து வாருங்கள்.